ஆடியில் வேலையில்லாத குதிரை

ஜூலை 16, 1996, செவ்வாய். ஆடி 1.

காலையிலிருந்து காற்று. கொடியில் போட்ட அவருடைய சட்டை பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமாம், சட்டை எம்மாத்திரம். தூறல் வேறு. துடியலூர் முழுக்கச் சேறு.

வாங்க வேண்டியவை: துவரம் பருப்பு. கொசுவர்த்தி. கவிக்கு ரப்பர் செருப்பு (இடது தேய்ந்துவிட்டது, வலது புதுசு போல இருக்கிறது).

இந்த டைரி, நூல் ஏஜெண்ட் எங்கள் மில் ஆபீஸில் எல்லோருக்கும் கொடுத்தது. ஆறு மாதம் பீரோவில் காலியாகக் கிடந்தது. இன்று எழுதத் தோன்றியதற்குக் காரணம் ஒரு குதிரை.

மகள் கவியின் பள்ளியிலிருந்து சீட்டு. சரவணம்பட்டியில் தோட்டத்துக்குள் இருக்கிற அந்தச் சின்னப் பள்ளிக்கு இந்த மாதம் குதிரை வருகிறதாம். குழந்தைகள் அதோடு பழகிக் கற்றுக்கொள்ள. நாலு பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், கவியும் ஒருத்தி. செவ்வாய், வியாழன், சனி, மாலை நான்கு மணி. வீட்டு ஆள் ஒருவர் கூடவே நடக்க வேண்டும்.

அவரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, இரண்டு தடவை படித்தார்.

"குதிரையா? ஒதைச்சா யாரு பாக்கறது?"

"ஒதைச்சா நான் பாத்துக்கறனுங்க. நீங்க கையெழுத்துப் போடுங்க."

போட்டார். பம்ப்செட் கம்பெனியில் இருபது வருஷம் லேத் ஓட்டியவர். எதையும் கழற்றிப் பூட்டிப் பார்த்த பிறகுதான் நம்புவார்.

கவிக்குப் பதினாலு வயது. பேச்சு வரவில்லை, "ம்" "ம்ஹும்" மட்டும். சொன்னால் எல்லாம் புரியும். நடப்பாள், மெதுவாக. பத்தடிக்கு ஒரு தடவை நின்று எதையாவது பார்ப்பாள். டைரிக்கு இதெல்லாம் எதற்கு. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

ஜூலை 18, வியாழன்

மேனேஜரிடம் ஒரு மணி நேரம் பர்மிஷன். "எதுக்கும்மா?" "குதிரைங்க சார்." அவர் முகத்தை எழுத வார்த்தை இல்லை.

குதிரையைப் பார்த்தேன். வெள்ளைப் பெட்டை. பெயர் பவுனு. உக்கடத்துக் காதர் பாயுடையது. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகிற குதிரை. அதன் கண்ணில் எந்த அவசரமும் இல்லை, தாசில்தார் ஆபீஸ் பியூன் மாதிரி.

இந்தக் குதிரை யோசனை கவியின் லில்லி டீச்சருடையது (இனிமேல் லி.டீ., ஒவ்வொரு தடவையும் முழுசாக எழுதக் கை வலிக்கிறது). அவர் வீட்டு வழியே ஊர்வலம் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறார். வேட்டுச் சத்தம், பேண்டு, பெட்ரோமாக்ஸ், குடித்துவிட்டு ஆடுகிற சித்தப்பாக்கள், எதற்கும் அசையாமல் நிற்குமாம் பவுனு. உக்கடம் வரை போய்ப் பாயைத் தேடிக் கேட்டிருக்கிறார். வைகாசியில் கேட்டதற்கு முடியாது என்றிருக்கிறார் பாய். "ஆடியில வேணா தர்றனுங்க. ஆடி பொறந்தா ஆரு கல்யாணம் பண்றா? சும்மா நின்னா அதுக்குத் தொழில் மறந்துபோயிரும். அப்புறம் ஆவணியில மாப்பிள்ளையத் தூக்கிட்டு ஓடிப்போடும்."

ஆகவே ஆடி முழுக்க பவுனு பள்ளி மாட்டுக் கொட்டகையில். பாய் தினமும் பஸ்ஸில் வந்து பார்த்துக்கொள்கிறார். ஆவணி பிறந்தால் திரும்பப் போய்விடும்.

பவுனுவிடம் ஒரு பழக்கம். பத்தடி நடக்கும், நின்றுவிடும். ஊர்வலத்தில் போட்டோ எடுக்க, ஆரத்தி சுற்ற, வேட்டு வைக்க நின்று நின்றே பழகியது. நின்றால் தானாக நகராது. கழுத்தில் உள்ளங்கையைப் பட்டையாக வைத்து இரண்டு தட்டு தட்டினால்தான் அடுத்த பத்தடி.

"இதுதாங்க நமக்குப் பாடம்," என்றார் லி.டீ. "புள்ளைங்களே தட்டணும். வேணும்னு கேக்கணும். கேட்டா குதிரை போகும், கேக்காட்டி நிக்கும்."

கவியை மெத்தை போட்ட சேணத்தில் பாய் தூக்கி வைத்தார். பயப்படவில்லை. கீழே குனிந்து பிடரி மயிரைப் பார்த்தாள். பவுனு பத்தடிக்கு நின்றது. அது நின்றதில் கவிக்குச் சந்தோஷம். இருவருக்கும் ஒரே நடை.

ஜூலை 20, சனி

மில் அரை நாள். வெயில் இல்லை.

இன்று எல்லாக் குழந்தைகளும் தட்ட வேண்டும். ஸ்ரீதர் (பத்து வயது, வாய் ஓயாது) சேணத்தில் ஏறும்போதே தட்ட ஆரம்பித்துவிட்டான். அவன் அம்மா பின்னால் ஓட முடியாமல் மூச்சு வாங்கினாள்.

அடுத்து கவி. இடது பக்கம் நான், வலது பக்கம் லி.டீ., முன்னால் கயிற்றைப் பிடித்துப் பாய். பவுனு நின்றது. கவி உட்கார்ந்திருந்தாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். ஸ்ரீதரின் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

பவுனு நடந்தது. பிறகு நின்றது. மறுபடி நடந்தது. மொத்தம் பதினோரு தடவை. லி.டீ. கைதட்டினார். நோட்டில் எழுதினார்: கவிதா, பதினொன்று. ஸ்ரீதரின் அம்மா "உங்க புள்ளைக்கு என்ற பையனை விட அறிவுங்க" என்றாள். நான் தலையாட்டினேன்.

உண்மையை இங்கேயாவது எழுத வேண்டும். தட்டியது நான். சேணத்து மெத்தையின் மறைவில் பவுனுவின் கழுத்துக்குக் கையைவிட்டு. பதினோரு தடவையும்.

ஜூலை 21, ஞாயிறு

கோழிக்குழம்பு. நாத்தனார் வந்திருந்தாள், திருப்பூரிலிருந்து. பனியன் துணி இரண்டு மூட்டை. கவிக்கு ஒரு பாவாடை, பெரிது.

கவியின் தட்டில் நான் எலும்பு நீக்கிப் பிசைந்து வைத்தேன். தண்ணீர் வைத்தேன். விசிறியை அவள் பக்கம் திருப்பினேன். நாத்தனார் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தங்கமான புள்ளை அண்ணி. ஒண்ணுமே கேக்கமாட்டா. என்றது ரெண்டும் தொண்டைத் தண்ணி வத்துற வரைக்கும் கத்தும்."

ஒன்றுமே கேட்கமாட்டாள். பதினாலு வருஷமாக எல்லோரும் இதைப் பாராட்டுகிறார்கள்.

கவி இதுவரை என்னிடம் கேட்காதவை: தண்ணீர். சோறு. போர்வை. மிட்டாய். காய்ச்சலில் மாத்திரை. கடைக்குப் போனால் எதையும். நான்.

அவள் கேட்பதற்கு முன்னால் நான் கொடுத்துவிடுகிறேன். அது பாசமா, அவசரமா, தெரியவில்லை. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். இவள் அழவே நான் விட்டதில்லை. எனக்கப்புறம் இவளுக்கு என்ன வேண்டும் என்று யாருக்குத் தெரியும். இதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

நாத்தனார் குதிரை சமாசாரம் கேட்டுச் சிரித்தாள். "மாப்பிள்ளை குதிரையா? அப்ப உங்க கவியக் கட்டிக்க மாப்பிள்ளையும் அதுலயே வருவான்." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் மனசில் கெட்டது இல்லை. நான் ரசம் எடுத்து வரப் போனேன்.

ஜூலை 23, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன்.

இன்றும் அதே வேலை. நாலாவது தடவை தட்டிக்கொண்டிருந்தபோது பாய் கயிற்றைத் தளர்த்திவிட்டு என் பக்கம் வந்தார். ரொம்ப மரியாதையாகக் குரலைத் தணித்து:

"ஏனுங்க அம்மணி, தப்பா நினைக்காதீங்க. குதிரை காது உங்க பக்கமாத்தானுங்க திரும்புது."

"என்னங்க பாய்?"

"ஆரு தட்றாங்களோ அங்கதான் காது போகுமுங்க. பாப்பா தட்டுனா மேல பாக்கும். இது சைடுல உங்களயே பாத்துட்டு நிக்குது."

மனுஷர் கண்ணை ஏமாற்றலாம், குதிரையை முடியாது.  லி.டீ. நோட்டை எடுத்துப் பதினொன்றின் மேல் கோடு போட்டு அடித்தார். அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். "கவியம்மா, நீங்க செஞ்சது எல்லா அம்மாவும் செய்யறதுதான். ஆனா நீங்க பக்கத்துல இருந்தா அவ கேக்கவே மாட்டா. அந்தப் புளிய மரத்தடிக்குப் போயிருங்க. நான் ரெண்டு பக்கமும் பாத்துக்கறேன்."

எனக்கு முப்பத்தெட்டு வயது. பெஞ்சு மேல் ஏறி நில் என்றது போல இருந்தது. புளிய மரத்தடியில் நின்றேன். குடையைப் பிடித்துக்கொண்டு, மழையே இல்லாமல்.

ஜூலை 27, சனி

வியாழக்கிழமை லீவ் கிடைக்கவில்லை. இன்று போனேன்.

புளிய மரத்தடி. குதிரை பத்தடி நடந்தது. நின்றது. கவி உட்கார்ந்திருந்தாள். லி.டீ. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாய் பீடி எடுத்தார், பற்றவைக்காமல் திரும்பப் பைக்குள் வைத்தார். இருபத்தைந்து நிமிஷம் குதிரை நின்ற இடத்தில் நின்றது. ஒரு ஈ அதன் கண்ணோரம். கவி ஒரே ஒரு தடவை திரும்பிப் புளிய மரத்தைப் பார்த்தாள். என்னைத்தான். நான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அப்புறம் பாய் அவளை இறக்கிவிட்டார். அவ்வளவுதான் இன்றைய பாடம்.

திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு பேர் பேசிக்கொண்டது: "வெங்காயம் என்ன வெல?" "கேக்காதீங்க."

ஜூலை 30, செவ்வாய்

காற்று. நின்ற குதிரை. நின்ற குதிரை மேல் கவி. நின்ற நான்.

இந்த ஊரில் ஒரு குதிரை மேல் பொறாமைப்படுகிற ஒரே ஆள் நான்தான். கவி அதன் பிடரியில் முகத்தை வைத்துப் படுத்துக்கொள்கிறாள். கேட்காமலே. என் மேல் அப்படிச் சாய்ந்து எத்தனை வருஷம் இருக்கும்.

செருப்பு வாங்கவில்லை. நாளை.

ஆகஸ்ட் 2, வெள்ளி. ஆடி 18.

லீவ். மூவரும் பேரூருக்கு. நொய்யலில் நல்ல தண்ணீர், கலங்கல். படித்துறையில் கூட்டம் தள்ளுகிறது. பிழைப்புக்காகப் பூ விற்கிற கிழவி "கண்ணு, ஒரு மொழம் வாங்கிக்க" என்று கவியிடம் கேட்டாள். கவி என்னைப் பார்த்தாள். நான் வாங்கி அவள் தலையில் வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது. அவள் பூ வேண்டும் என்று பார்த்தாளா, வேண்டாம் என்று பார்த்தாளா?

தண்ணீரில் இறங்கி வேண்டிக்கொண்டேன். மற்ற பெண்கள் என்னென்னவோ கேட்டிருப்பார்கள். நான் கேட்டது ஒன்று. என்னிடம் ஒரே ஒரு தடவை ஏதாவது கேட்கட்டும். பெரிதாக வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீர் போதும்.

அவர் தேங்காய் பன் வாங்கி வந்தார். இருப்பது மூன்று பேர். நாலாவது எதற்கு என்று தெரியாமல் நாலு.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஆபீஸில் ஆடிட். பர்மிஷன் கிடையாது. மேனேஜர்: "இன்னிக்கு குதிரை, கழுதை எதுவும் கெடையாதும்மா." அறுபது பக்கம் டைப் அடித்தேன். நாலு மணிக்கு விரல் தானாகத் தப்பாக அடித்தது.

ஆறரைக்கு மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். உக்கடம் போகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து யாரோ கை ஆட்டினார்கள். பாய். பஸ் கிளம்புவதற்குள் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்:

"அம்மணி! பாப்பா தட்டிப்போட்டாளுங்க! மூணு தடவை! குதிரை காது மேல நட்டுக்கிட்டு நின்னுச்சுங்க!"

பஸ் போய்விட்டது. நிறுத்தத்தில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒரே நேரத்தில் வந்து தொலைந்தது. பையிலிருந்த கர்ச்சீப்பில் கார்பன் மை, முகமெல்லாம் நீலம்.

பார்க்கவில்லை நான். இத்தனை நாள் புளிய மரத்தடியில் நின்றேன். நான் இல்லாத அன்று.

வீட்டுக்கு வந்து கவியைப் பார்த்தேன். பிஸ்கட்டின் க்ரீமை மட்டும் நக்கிக்கொண்டிருந்தாள், வழக்கம் போல.

ஆகஸ்ட் 8, வியாழன்

அரை நாள் லீவ் போட்டேன், சம்பளம் பிடித்தாலும் சரி என்று. மூன்றரைக்கே போய்ப் புளிய மரத்தடியில்.

கவி ஏறினாள். பவுனு நின்றது. கவி கையைத் தூக்கினாள். பார்த்தேன், நிஜமாகத் தூக்கினாள். பாதியில் புளிய மரத்தைப் பார்த்தாள். கை மடியில் விழுந்தது. அப்புறம் அரை மணி நேரம் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா இருக்கிறாள், அம்மா செய்வாள்.

லி.டீ. என்னருகில் வந்தார்.  நானே சொன்னேன்: "நான் இங்கிருந்து போறனுங்க டீச்சர்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அழுதேன். இருபது வருஷத்துக்கு முன்னால் பெரிய பரீட்சையில் தோற்ற அன்றுகூட இப்படி அழவில்லை. என் பெண் வளர்வதற்கு நான் தடை. நானில்லாவிட்டால்தான் அவளுக்குக் கை வருகிறது.

ஆகஸ்ட் 10, சனி

பள்ளிச் சமையலறை. ஜன்னலுக்குக் கம்பி வலை, உள்ளே இருட்டு, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சமையல்கார அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா இங்க ஒளிஞ்சுக்கிட்டே?" என்று கேட்டாள். சொன்னேன். ஒரு முக்காலியை நகர்த்திக் கொடுத்தாள். "அப்ப நல்லாப் பாரு. அழுகை வந்தா வெங்காயத்து மேல பழி போட்டுக்கலாம்."

பார்த்தேன். பவுனு நின்றது. கவி கொஞ்ச நேரம் சும்மா. அப்புறம் குனிந்தாள். வலது கையைக் கழுத்தில் வைத்தாள், அழுத்தி, ஒரு தட்டு. பவுனு அசையவில்லை. ஒரு தட்டுக்கெல்லாம் போகாது அது. கவி யோசித்தாள். யோசிப்பதைப் பார்த்தேன்! புருவம் இறங்கியது. இரண்டாவது தட்டு. பவுனு நடந்தது.

ஆறு தடவை. நான் எண்ணினேன், லி.டீ. நோட்டு வேண்டியதில்லை.

மகிழ்ச்சி. அது உண்மை. ஆனால் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் இருந்த நான் அவளுடைய அந்தக் கை எனக்கும் வேண்டும் என்று ஏங்கியதும் உண்மை. என் மேல் அந்தக் கை வரவில்லை. குதிரைக்குத் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியவில்லை. அதற்குக் காத்திருக்கத் தெரியும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்று என் முட்டாள்தனம்.

காத்திருக்கலாம் என்று தீர்மானம். காலை தோசை. கவியின் தட்டைக் காலியாக வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். தோசை என் தட்டில் மட்டும். கேட்கட்டும். கையை நீட்டினால்கூடப் போதும், தட்டைத் தள்ளினால்கூடப் போதும்.

கால் மணி. அரை மணி. கவி காலித் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. தோசை ஆறி வதங்கிவிட்டது. 

அவர் குளித்துவிட்டு வந்தார். இரண்டு தட்டையும் பார்த்தார்.

"என்ன இது?"

"கேக்கட்டும்னு வெச்சிருக்கனுங்க."

"புள்ளையப் பட்டினி போடறயா?"

"குதிரைகிட்டக் கேக்கறாளே. என்றகிட்டக் கேக்கக் கூடாதா?"

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் என்னை அதட்டியது இரண்டு தடவை. இது இரண்டாவது. "அதுக்குக் குதிரையோட நீ போட்டியா? பதினாலு வருஷமா நீயே ஊட்டி ஊட்டி உட்டுப்போட்டு, இன்னிக்கு ஒரு நாள்ல கேளுன்னா எப்படி கேக்கும்?" கல்லைச் சூடாக்கி அவரே இரண்டு தோசை வார்த்தார். ஒன்று ஓட்டை. கவி அதைத்தான் தின்றாள்.

பிறகு கொல்லைக் குழாயடியில் பாத்திரம் கழுவும்போது வந்து பக்கத்தில் நின்றார். "அவ உன்னையக் கூப்பிடலன்னு உனக்கு. எனக்கும்தான். சொல்லலன்னா இல்லன்னு ஆயிருமா?" துணி உலர்த்தப் போய்விட்டார். அது வரை அவருக்கும் ஏக்கம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. வெட்கமாக இருந்தது.

ஆகஸ்ட் 15, வியாழன்

பள்ளியில் கொடியேற்றம், ஆரஞ்சு மிட்டாய். கம்பெனி லீவ் என்பதால் அவரும் வந்தார். சமையலறை முக்காலியில் அவரை உட்காரவைத்தேன், நான் பின்னால் நின்றேன்.

கவி பத்து தடவை. நிற்கும் இடத்தையும் அவளே பிடித்துவிட்டாள் போலிருக்கிறது, செம்பருத்திச் செடி வந்ததும் கடிவாளத்தைப் பின்னால் இழுக்கிறாள். குதிரை நிற்கிறது. செம்பருத்தியைப் பார்க்கிறாள். திருப்தியானதும் தட்டுகிறாள். லி.டீ. எழுதினார்: "நிறுத்தவும் கேட்கிறாள்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காத்துல தூசி," என்றார். சமையலறைக்குள் ஏது காற்று.

பாய் அவரிடம்: "நாளன்னிக்கு ஆவணிங்க. கூட்டிட்டுப் போயிருவேன். மொத மொகூர்த்தத்துக்கே மூணு எடத்துல சொல்லிப்போட்டாங்க."

ஆகஸ்ட் 17, சனி

பவுனு போன நாள்.

பாய் சிவப்பு வெல்வெட் போர்வை, ஜரிகைக் குஞ்சம், நெற்றிக்குப் பட்டம் எல்லாம் கொண்டுவந்து போட்டார். காலுக்குச் சலங்கை. ஒரு மாதமாகச் சேற்றோடு இருந்த ஜந்து கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிட்டது. குழந்தைகள் வரிசையாக நின்றார்கள். ஸ்ரீதர் மைல் கணக்கில் பேசினான். "எப்ப வரும், ஏன் போகுது, ஆடி எப்ப முடிஞ்சுது, ஆரு முடிச்சாங்க?"

கவி அதன் கிட்டே போனாள். கழுத்தில் கை வைத்தாள். பவுனு பத்தடி நடந்தது. நின்றது. கவி கூடப் போய் மறுபடி தட்டினாள். பள்ளி கேட் வரை அப்படியே. கேட்டில் பாய் குனிந்து, "போதும் கண்ணு, இனி நாங்க போயிக்கறோம். மார்கழியிலயும் கல்யாணம் இல்ல, கூட்டியாரேன்," என்றார். கவி கையை எடுத்தாள். பாய் தட்டினார். போய்விட்டது.

கவி அழவில்லை. உள்ளே போய் ஊஞ்சலில் உட்கார்ந்தாள். நான்தான் கேட்டில் நின்று தேம்பினேன். ஒரு குதிரைக்காக. பாயின் வெல்வெட் போர்வையில் ஒரு ஓரத்தில் கிழிசல் இருந்தது, தைத்துக் கொடுத்திருக்கலாம்.

மார்கழிக்கு இன்னும் நாலு மாதம்.

ஆகஸ்ட் 21, புதன்

ஆபீஸிலிருந்து வரும் பஸ் கவுண்டம்பாளையம் தாண்டி நகரவில்லை. முன்னால் மாப்பிள்ளை அழைப்பு. கண்டக்டர் திட்டுகிறார், டிரைவர் ஹாரனில் கையை வைத்துவிட்டு எடுக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். பவுனு! கோட்டு போட்ட மாப்பிள்ளை கையில் பூச்செண்டு, மீசையில் வேர்வை. பக்கத்தில் காதர் பாய், புதுத் தொப்பி. பத்தடி. நிற்கிறது. வேட்டு. போட்டோ. தட்டு. பத்தடி.

"கல்யாணம் முடியறதுக்குள்ள நாமளும் கெழவனாயிருவோம்," என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

எனக்கு மட்டும் அந்த நிற்றல் பிடித்திருந்தது. இறங்கி ஓடிப் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. கவியிடமும் சொல்லவில்லை. அவளுக்கு எது ஏக்கம் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என்னுடையது.

நாலு நாளாக வீட்டில் அவள் எதுவும் கேட்கவில்லை. நானும் கொடுப்பதில் கொஞ்சம் தாமதிக்கிறேன், பட்டினி போடாத அளவுக்கு.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 24, சனி

வெயில். ஒரு மாதத்துக்கப்புறம் நல்ல வெயில். காலை ஏழு மணி. இதைப் பொடக்காளிப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன், வீட்டுக்குப் பின்னால், குளியலறைக்கு எதிரில். கை ஈரம். மை பரவுகிறது.

வழக்கம் போலக் கவியைக் குளிப்பாட்டக் கூட்டி வந்தேன். வெந்நீர் விளாவி முதல் சொம்பை முதுகில் ஊற்றினேன். இரண்டாவது சொம்பு மொண்டபோது அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்து இழுத்தேன். விடவில்லை. நிமிர்ந்து என் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு இன்னொரு கையை என் வயிற்றில் வைத்துத் தள்ளினாள். கோபமாக இல்லை. மெதுவாக, விடாமல், கதவு வரை. நான் வெளியே வந்ததும் தகரக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட வராது அவளுக்கு. வாளியை இழுக்கிற சத்தம். கதவுக்கு அண்டக் கொடுக்கிறாள்!

"கண்ணு, அம்மா வரட்டுமா?" என்று கேட்டேன்.

"ம்ஹும்."

பதினாலு வருஷமாக என்னிடம் ஒரே ஒரு தடவை ஏதாவது கேட்கட்டும் என்று கிடந்தேன். இன்று கேட்டுவிட்டாள். நான் வெளியே இருக்க வேண்டுமாம்.

சந்தோஷம்தான். அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "என்னைய வெளிய போகச் சொல்லிப்போட்டாளுங்க." அவர் பல் விளக்கிக்கொண்டிருந்த வாயோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். என் கைகளை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் டைரியை எடுத்து வந்தேன்.

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம். சோப்புப் போட்டாளா, தெரியவில்லை. முதுகு எட்டாது அவளுக்கு. எழுந்தால் இரண்டே எட்டு. போகவில்லை.